கட்டமா, கேள்விக்குறியா, கிறுக்கலா? எந்தக் கம்ப்யூட்டர்லயும் எழுத்து சிதையாம இருக்க முழுமையான வழிகாட்டி

எங்க பெரியப்பா 2003 வாக்குல நம்ம குடும்பக் கதைய நோட்டுல எழுதி, டவுன்ல ஒரு டிடிபி சென்டர்ல குடுத்து டைப் பண்ணி சிடில வாங்கி வச்சிருந்தாரு. அவர் போனதுக்கப்புறம் பீரோவ ஒழிக்கும்போது அந்த சிடி கெடச்சுது, தம்பி அத லேப்டாப்ல போட்டுப் பார்த்தா பக்கம் பக்கமா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் தான், ஒரு வார்த்தை கூட படிக்க முடியல, வைரஸ் புடிச்சு எல்லாம் போச்சுன்னு நெனச்சு டெலிட் பண்ணப் போயிட்டான். பண்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஃபோன் போட்டான் பாருங்க, அதுல தப்பிச்சுது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி, இந்த அஞ்சும் சேர்ந்தாப்ல திரும்பத் திரும்ப வருதுன்னு சொன்னான். பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல "தமிழ்"னு அடிச்சா உள்ள பதிவாகிறது அந்த அஞ்சு எழுத்து தான். ஃபைல்ல ஒண்ணுமே கெட்டுப் போகல. அன்னைக்கு சாயங்காலமே முழுசா படிச்சிட்டோம், பெரியம்மா பக்கத்துல உட்கார்ந்து கேட்டாங்க.

அதனால தான் இத இவ்வளவு விலாவாரியா எழுதுறேன். எழுத்து சிதைஞ்சு தெரியுற ஃபைல்கள்ல நெறையது நெஜமாவே கெட்டுப்போனது கிடையாது. கெட்டுப்போச்சுன்னு நெனச்சு நம்ம அதுமேல சேவ் அமுக்குறோம் பாருங்க, அப்ப தான் கெடுது.

மொதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துருவோம்

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, நம்பர் தான் தெரியும். எந்த நம்பருக்கு எந்த எழுத்துன்னு ஒரு பட்டியல் வேணும், அது தான் என்கோடிங். ஃபான்ட்ங்கிறது அந்த எழுத்தோட உருவப்படம், அவ்வளவு தான். இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பினதுல தான் நம்ம ஆளுங்க இருபது வருஷம் அவஸ்தைப்பட்டாங்க.

1963-ல வந்த ஆஸ்கி பட்டியல்ல மொத்தம் 128 இடம் தான், இங்கிலீஷுக்கு அது போதும். பிரெஞ்சுக்காரங்க, ஜெர்மன்காரங்க எல்லாம் தலையில கோடு, ரெண்டு புள்ளி வச்ச எழுத்துகளுக்கு 128-லருந்து 255 வரைக்கும் இருந்த இடத்த எடுத்துக்கிட்டாங்க, ஆனா ஆளுக்கு ஒரு மாதிரி. விண்டோஸ்ல மேற்கு ஐரோப்பாவுக்குன்னு இருக்கிற பட்டியல் பேரு 1252, பழைய டாஸ் காலத்துப் பட்டியல் 437. ஒரே நம்பர் ஒரு பட்டியல்ல ஒரு எழுத்து, இன்னொண்ணுல வேற எழுத்து.

நம்ம பக்கம் இன்னும் சிக்கல். இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்துலயே தமிழ் உருவத்த வரைஞ்சு ஃபான்ட் செஞ்சாங்க, பாமினி அப்படித்தான். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு முறை வச்சிருந்துச்சு, வெப்சைட்டுக்கு ஒரு ஃபான்ட் டவுன்லோட் பண்ணிட்டு இருந்தோம். உலகத்துல பல நாட்டுல இருந்த தமிழ் ஆர்வலர்கள் கூடிப் பேசி திஸ்கின்னு ஒரு பொது முறைய கொண்டு வந்தாங்க, 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்கப்புறம் தமிழ்நாடு அரசு தாம், தாப்னு ரெண்டு முறையையும் தமிழ்99 கீபோர்டையும் அறிவிச்சுது. இதெல்லாம் அந்தந்தக் காலத்துக்கு பெரிய உழைப்பு, குறை சொல்லவே மாட்டேன். ஆனா எல்லா மொழிக்கும் தனித்தனி நம்பர் குடுத்த யூனிகோட் 1991-லயே வந்தாச்சு, அதுல தமிழுக்குன்னு 2944-லருந்து 3071 வரைக்கும் ஒதுக்கியிருக்காங்க. க-வோட நம்பர் 2965, ழ 2996, புள்ளி 3021. சென்னையில இருந்தாலும் யாழ்ப்பாணத்துல இருந்தாலும் டொராண்டோல இருந்தாலும் அதே நம்பர். 2010-ல தமிழ்நாடு அரசும் யூனிகோடுக்கு வந்துருச்சு.

யூனிகோட் நம்பர ஃபைல்ல எப்படி எழுதி வைக்கிறதுங்கிறது இன்னொரு கேள்வி. அதுக்குத்தான் யூடிஎஃப்-8. 1992 செப்டம்பர்ல கென் தாம்ப்சன், ராப் பைக்னு ரெண்டு கம்ப்யூட்டர் வல்லுநர்கள் நியூஜெர்சில ஒரு சாப்பாட்டுக் கடையில உட்கார்ந்து, மேஜையில தட்டுக்கு அடியில போடுற பேப்பர்ல வரைஞ்சு உருவாக்கினது. இங்கிலீஷ் எழுத்துக்கு 1 பைட், தமிழுக்கு 3 பைட். "தமிழ்"ங்கிறது கண்ணுக்கு 3 எழுத்து, யூனிகோட் கணக்குல த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளின்னு 5, ஃபைல்ல 15 பைட். இந்த 3, 5, 15 கணக்க மனசுல வச்சுக்கோங்க, கீழ நெறைய எடத்துல உதவும்.

படி 1: கீபோர்டுல கை வைக்காம என்ன வியாதின்னு பாருங்க

சிதைஞ்ச ஃபைல் நாலு விதமா தெரியும், ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற.

வரிசையா வெறும் கட்டம் □ தெரிஞ்சா எழுத்து பத்திரமா இருக்கு, உங்க மெஷின்ல அந்த எழுத்துக்கு ஃபான்ட் இல்ல. யூனிகோட் தமிழ் ஃபான்ட் ஒண்ணு போட்டா முடிஞ்சுது. விண்டோஸ் 2000-ல லதா ஃபான்ட் வந்ததுலருந்து தமிழ் உள்ளயே வருது, இப்ப நிர்மலா யூஐ இருக்கு, லினக்ஸ்ல நோட்டோ சான்ஸ் தமிழ் இன்ஸ்டால் பண்ணுங்க.

தலையில சாய்வுக் கோடு போட்ட சின்ன "ஏ" எழுத்தும் பக்கத்துல ® குறியும் மாத்தி மாத்தி வந்தா, அது யூடிஎஃப்-8 தமிழ 1252 பட்டியல வச்சுப் படிக்கிற கோளாறு. ஏன் குறிப்பா அதுவே வருதுன்னா, க-வ யூடிஎஃப்-8ல எழுதினா 224, 174, 149னு மூணு பைட். 1252 பட்டியல்ல 224 அந்தக் கோடு போட்ட எழுத்து, 174 ® குறி, 149 ஒரு கருப்பு உருண்டை •. தமிழ் எழுத்து எல்லாமே 224-ல தான் ஆரம்பிக்கும், அடுத்தது 174 இல்லன்னா 175, அதனால தான் பக்கம் பூரா அந்த ஜோடியே தெரியுது. இதுவும் பத்திரம், சரியான பட்டியல்ல திறந்தா சரியாயிடும்.

ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து, ஆனா ஸ்பேஸ் எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை சரியா விழுந்திருந்தா, பழைய ஃபான்ட் முறை. பெரியப்பா ஃபைல் இது தான். படி 6-ல இருக்கு.

கடைசி ஒண்ணு தான் வருத்தமானது. எல்லா எழுத்தும் ????னு ஆயிருச்சுன்னா, தமிழுக்கு இடமே இல்லாத ஒரு முறையில யாரோ சேவ் பண்ணியிருக்காங்க, நெஜமாவே 63ங்கிற கேள்விக்குறி நம்பர் தான் உள்ள இருக்கு. இத எந்த சாஃப்ட்வேரும் மீட்காது, அனுப்பினவங்கட்ட திரும்ப கேக்கணும். கருப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறி � வந்தா இன்னும் நம்பிக்கை இருக்கு, ப்ரோக்ராம் படிக்க முடியாம காட்டுற அடையாளம் அது. ஆனா அப்படித் தெரியும்போதே சேவ் பண்ணிட்டா அதுவும் நிரந்தரம்.

அதனால எதுவா இருந்தாலும் மொதல்ல ஃபைல காப்பி எடுத்து காப்பில வேலை பாருங்க. சேவ் பண்ணவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிட்டு வெளிய வாங்க.

படி 2: கீபோர்டுல இல்லாத குறிய டைப் பண்றது

விண்டோஸ்ல பழைய வழி ஆல்ட் கோட். நம்பர் லாக் ஆன்ல இருக்கணும், ஆல்ட்ட அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு வலது பக்க நம்பர் பேட்ல நம்பர் அடிச்சு ஆல்ட்ட விடணும். மேல வரிசையில இருக்கிற நம்பர் வேலைக்கு ஆகாது, நெறைய பேர் அங்க தான் தோத்துப் போறாங்க. அடிக்கடி தேவைப்படுறது இவ்வளவு:

0176 அடிச்சா °
0189 அடிச்சா ½
0178 அடிச்சா ², 0179 அடிச்சா ³
0215 அடிச்சா ×, 0247 அடிச்சா ÷
0177 அடிச்சா ±
0128 அடிச்சா €
0169 அடிச்சா ©

முன்னாடி இருக்கிற பூஜ்யத்த விட்டுராதீங்க. பூஜ்யத்தோட அடிச்சா 1252 பட்டியல், இல்லாம அடிச்சா டாஸ் காலத்து 437 பட்டியல், ரெண்டுலயும் நம்பர் வேற. டிகிரி குறி அங்க 0176, இங்க 248. கஃபேங்கிற பிரெஞ்சு வார்த்தையோட கடைசி எழுத்து அங்க 0233, இங்க 130. நெட்ல கெடைக்கிற பட்டியல்கள் சிலது முன்னத, சிலது பின்னத போட்டிருக்கும், ஒத்து வரலன்னா காரணம் இது தான்.

நம்பர் பேட் இல்லாத லேப்டாப்பா? விண்டோஸ் கீயையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்து அமுக்குங்க, இமோஜி பேனல் வரும், அதுல குறிகளுக்கு தனி டேப் இருக்கு. வேர்ட்ல இன்னொரு வசதி, 2192னு அடிச்சு உடனே ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அமுக்கினா → ஆயிடும், 2713 அடிச்சா ✓, 2260 அடிச்சா ≠.

ரூபாய் குறிய பத்தி கொஞ்சம் சொல்லணும். நம்ம கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர் உதயகுமார் வரைஞ்ச ₹ குறிய 2010 ஜூலை 15 அன்னைக்கு மத்திய அரசு ஏத்துக்கிச்சு, அதே வருஷம் அக்டோபர்ல யூனிகோட் 6.0-ல 8377ங்கிற நம்பரோட சேர்ந்துருச்சு. ஆனா அந்த இடைவெளியில அவசரத்துல சில பேர் என்ன பண்ணாங்க, கீபோர்டுல 1-க்கு இடது பக்கம் இருக்கிற ` குறி இடத்துல ரூபாய் உருவத்த வரைஞ்சு ஃபான்ட் விட்டாங்க, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல பில்ல திறந்தா விலைக்கு முன்னாடி வெறும் ` தான் தெரிஞ்சுது. பாமினில நடந்த அதே கதை. இப்ப விண்டோஸ்ல இங்கிலீஷ் இந்தியா கீபோர்ட் போட்டுக்கிட்டு வலது ஆல்ட்டும் 4-ம் அமுக்குங்க, நெஜ ₹ வரும். வேர்ட்ல ஆல்ட் 8377-ம் வேலை செய்யும், ஆனா 255-க்கு மேல போற ஆல்ட் நம்பர் எல்லா ப்ரோக்ராம்லயும் எடுக்காது, வேற ஏதோ குறி வந்து நிக்கும்.

மேக்ல இதெல்லாம் சுலபம். ஆப்ஷன், ஷிஃப்ட், 8 சேர்த்து அமுக்கினா °. தலையில கோடு வேணும்னா அந்த எழுத்தையே கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சா மேல சின்னப் பட்டை வரும், நம்பர அமுக்கி எடுத்துக்கலாம். மத்ததுக்கு கண்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூணும் சேர்த்து அமுக்குங்க, எல்லாக் குறியும் தேடி எடுக்கிற ஜன்னல் திறக்கும்.

லினக்ஸ்ல எனக்கு ரொம்பப் புடிச்சது கம்போஸ் கீ. செட்டிங்ஸ்ல வலது ஆல்ட்ட கம்போஸா மாத்திக்கிட்டா, அத அமுக்கிட்டு 1 அப்புறம் 2 அடிச்சா ½, கழித்தல் குறி அப்புறம் > அடிச்சா →. எந்த நம்பரும் மனப்பாடம் பண்ண வேணாம், பார்க்க எப்படி இருக்கோ அப்படியே அடிக்கிறது. ஃபோன்லன்னா அமுக்கிப் பிடிக்கிறது தான் வழி, ஐஃபோன்ல 0-வ அமுக்கிப் பிடிச்சா ° வரும்.

வெப்பேஜ்ல எழுதுறவங்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு: &#8377; னு எழுதினா ₹, &#176; னு எழுதினா °, &#2965; னு எழுதினா க. எல்லாமே ஆஸ்கி எழுத்து தான்ங்கிறதால எந்த என்கோடிங்ல சேவ் ஆனாலும் சிதையாது.

படி 3: தமிழ் கீபோர்ட்

விண்டோஸ்ல செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ் போயி தமிழ சேர்த்து, அதோட ஆப்ஷன்ஸ்ல கீபோர்ட தேர்ந்தெடுங்க. மாத்துறதுக்கு விண்டோஸ் கீயும் ஸ்பேஸும். மேக்ல அஞ்சலும் தமிழ்99-ம் உள்ளயே இருக்கு. லினக்ஸ்ல ஐபஸ் எம்17என் போட்டா தமிழ்99, பழைய டைப்ரைட்டர், ஒலிமுறை எல்லாம் கெடைக்கும்.

எந்த லேஅவுட்டுன்னு கேட்டா நான் தமிழ்99 தான் சொல்லுவேன். 12 உயிர், 18 மெய், ஆய்தம், ஆக 31 கீல 247 எழுத்தும் வந்துரும், இடது கைப்பக்கம் உயிர், வலது கைப்பக்கம் மெய், ஒரே மெய்ய ரெண்டு தடவ அடிச்சா முதல் எழுத்துக்கு புள்ளி தானா விழும். ஒரு வாரம் கை தடுமாறும், அப்புறம் யோசிக்கிற வேகத்துக்கு அடிக்கலாம்.

டைப்ரைட்டர்ல பழகினவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்க "கெ" அடிக்க கொம்பு மொதல்ல, க அப்புறம். யூனிகோட் உள்ள மொதல்ல க, அப்புறம் தான் கொம்பு. அத மாத்தி வரிசைப்படுத்துற கீபோர்டு இல்லாம நேரடியா அடிச்சா கொம்புக்குப் பக்கத்துல புள்ளி புள்ளியா ஒரு வட்டம் ◌ வரும். அது வந்தாலே வரிசை தப்புன்னு அர்த்தம், அழிச்சிட்டு திரும்ப அடிங்க.

படி 4: சேவ் பண்ற இடம்

நோட்பேட்ல சேவ் ஆஸ் போனா கீழ என்கோடிங்னு ஒரு பட்டியல் இருக்கும். அதுல ஆன்சின்னு (1252 மாதிரி, தமிழுக்கு இடமில்லாத பழைய பட்டியல்) இருந்தா தமிழுக்கு எமன். 2019 மே மாசம் வந்த விண்டோஸ் 10 அப்டேட் வரைக்கும் நோட்பேட் எடுத்த எடுப்புல ஆன்சில தான் சேவ் பண்ணும், தமிழ் இருந்தா ஒரு எச்சரிக்கை காட்டும், நம்ம படிக்காம ஓகே குடுத்துருவோம், மறுபடி திறந்தா எல்லாம் ????. அதுக்கப்புறம் வந்த நோட்பேட் தானாவே யூடிஎஃப்-8. பழைய மெஷின்ல வேலை பாக்கிறவங்க ஒவ்வொரு தடவையும் அந்தப் பட்டியல கண்ணால பாத்துட்டு சேவ் பண்ணுங்க, தயவு செஞ்சு.

கோடு எழுதுறவங்க, நெறைய ஃபைலோட மல்லுக்கட்டுறவங்க விஎஸ் கோட்ங்கிற எடிட்டர வச்சுக்கோங்க, மூணு சிஸ்டத்துலயும் ஒரே மாதிரி. கீழ வலது மூலையில என்கோடிங் பேர் இருக்கும், கிளிக் பண்ணா ரெண்டு தேர்வு வரும்: ஒண்ணு வேற என்கோடிங்ல திரும்பத் திறக்கிறது, இன்னொண்ணு வேற என்கோடிங்ல சேவ் பண்றது. சிதைஞ்ச ஃபைலுக்கு எப்பவும் முதல் தேர்வு தான். கண்ணுக்கு தமிழ் சரியா தெரிஞ்சதுக்கப்புறம் தான் ரெண்டாவது. நோட்பேட்++லயும் இதே கதை தான், மெனுவுல வெறும் யூடிஎஃப்-8ங்கிறது "அப்படிப் படி", கன்வெர்ட்ங்கிறது "அப்படி மாத்து". இந்த வித்தியாசம் தெரியாம எத்தனையோ பேர் நல்ல ஃபைல கெடுத்திருக்காங்க.

சிதைஞ்ச எழுத்த மெயில்லருந்து காப்பி பேஸ்ட் பண்ணி சரி பண்ணப் பாக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 1252 பட்டியல்ல 129, 141, 143, 144, 157னு அஞ்சு இடம் காலி. புள்ளியோட கடைசி பைட் 141, உகரக் கொக்கியோடது 129, ஏ-வோடது 143, ஐ-யோடது 144. காப்பி பண்ணும்போது இந்த காலி இடத்து ஆசாமிங்க பல சமயம் காணாமப் போயிடுவாங்க, அப்புறம் என்ன தான் சரி பண்ணாலும் புள்ளியும் உகரமும் விழுந்த தமிழ் தான் கெடைக்கும். அதனால காப்பி பண்ண எழுத்து வேணாம், ஒரிஜினல் ஃபைலையே அட்டாச்மெண்டா கேளுங்க.

படி 5: எக்செல்

சங்கத்து மெம்பர் லிஸ்ட், ஸ்கூல் மார்க் லிஸ்ட் எல்லாம் சிஎஸ்வி ஃபைலா (கமா போட்டுப் பிரிச்ச வெறும் டெக்ஸ்ட்) வரும், டபுள் கிளிக் பண்ணா அந்த ® கிறுக்கல் தான். ஃபைல் நல்லாத்தான் இருக்கு, எக்செல் அத யூடிஎஃப்-8னு நம்பல. டபுள் கிளிக் பண்ணாதீங்க, காலியா ஒரு ஷீட் திறந்து டேட்டா டேப்ல ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி போங்க, ஃபைல காட்டுங்க, வர ஜன்னல்ல ஃபைல் ஒரிஜின்ங்கிற இடத்துல 65001 (விண்டோஸ்ல யூடிஎஃப்-8க்கு குடுத்திருக்கிற நம்பர்) இருக்கிற வரிய தேர்ந்தெடுங்க. கீழ முன்னோட்டத்துல தமிழ் பளிச்சுனு வரும், அப்புறம் லோட் குடுங்க.

நீங்க அனுப்புறவரா இருந்தா, சேவ் ஆஸ்ல சாதா சிஎஸ்வி எடுக்காம சிஎஸ்வி யூடிஎஃப்-8 எடுங்க. அது ஃபைல் தலையில 3 பைட் அடையாளம் ஒண்ணு போடும், அதுக்கு பாம்னு பேரு, அத பாத்தா அடுத்தவங்க எக்செல் டபுள் கிளிக்லயே சரியா திறக்கும். ஆனா ப்ரோக்ராம் படிக்கிற ஃபைல்ல அந்த பாம் சில சமயம் முதல் காலம் பேர்ல ஒட்டிக்கிட்டு தொல்லை பண்ணும், அங்க பாம் இல்லாத யூடிஎஃப்-8 போடுங்க. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்லயும் இதே 65001 தான், சிஎச்சிபி கமாண்டோட குடுக்கணும்.

படி 6: பழைய ஃபான்ட் ஃபைல்கள யூனிகோடுக்கு கொண்டு வர்றது

வேர்ட் ஃபைலா இருந்தா கிறுக்கல் மேல கர்சர வச்சு, மேல ஃபான்ட் பேர் கட்டத்துல என்ன இருக்குன்னு பாருங்க. ஃபான்ட் உங்க கம்ப்யூட்டர்ல இல்லன்னாலும் பேர் அங்க இருக்கும். பாமினி, வானவில், செந்தமிழ், ஸ்ரீலிபின்னு ஏதாவது தெரியும், அது தான் எந்த முறைங்கிறதுக்கு துப்பு. பேரே இல்லாத டெக்ஸ்ட் ஃபைலா இருந்தா ஒரு வரிய மட்டும் எடுத்து கன்வெர்ட்டர்ல ஒவ்வொரு முறையா போட்டுப் பாருங்க, சரியானது படக்குனு தமிழா மாறிடும். என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவச கருவிகள் இருக்கு. லினக்ஸ்ல ஐகான்வி கமாண்டுக்கு திஸ்கி தெரியும், தமிழ் இலக்கியங்கள நெட்ல ஏத்துறதுக்கு 1998 பொங்கலன்னைக்கு தொடங்கின மதுரைத் திட்டத்தோட பழைய திஸ்கி நூல்கள் மாதிரி இருக்கிறத மொத்தமா மாத்த அது உதவும்.

முழு ஃபைலையும் ஒரே மூச்சுல மாத்தாதீங்க. பெரியப்பா ஃபைல்ல நான் அந்தத் தப்ப பண்ணேன். பாமினி ஃபைல்ல நடுநடுவுல நெஜமான இங்கிலீஷ் வார்த்தைகள் இருக்கும், கன்வெர்ட்டருக்கு ரெண்டும் ஒரே நம்பர் தான், அதனால ரெஜிமெண்ட் பேரு, கப்பல் பேரு எல்லாம் அர்த்தமில்லாத தமிழா ஆயிருச்சு. திரும்ப மூல ஃபைல எடுத்து, வேர்ட்ல ஃபான்ட் வச்சுத் தேடுற வசதியால இங்கிலீஷ் இருக்கிற இடத்தையெல்லாம் மஞ்சள் அடிச்சு வச்சுக்கிட்டு, பக்கம் பக்கமா மாத்தினேன். மாத்தினதுக்கப்புறம் கொ, கோ, கௌ, ணை, ஸ்ரீ, மேற்கோள் குறி இதுகள மட்டும் தேடிப் பாருங்க, தப்பு நெறைய இங்க தான் ஒளிஞ்சிருக்கும். மூல ஃபைலையும் அந்த ஃபான்ட் ஃபைலையும் ஒண்ணா ஒரு ஃபோல்டர்ல எப்பவும் வச்சிருங்க, அழிக்கவே அழிக்காதீங்க.

பேஜ்மேக்கர் (அச்சகத்துல பக்கம் வடிவமைக்கிற பழைய சாஃப்ட்வேர்) ஃபைலா வந்தா கஷ்டம் அதிகம். 2001-ல வந்த 7.0 தான் அதோட கடைசி பதிப்பு, யூனிகோட் அதுக்கு தெரியாது, அச்சகங்கள்ல பழைய ஃபான்ட் இத்தனை வருஷம் ஓடினதுக்கு அது ஒரு முக்கியக் காரணம். உள்ள இருக்கிறத டெக்ஸ்டா ஏற்றுமதி பண்ணி அப்புறம் மாத்துங்க. இன்டிசைன்ல யூனிகோட் தமிழ் போட்டு கொம்பு இடம் மாறித் தெரிஞ்சா பயப்படாதீங்க, பாராகிராஃப் செட்டிங்ல வேர்ல்ட் ரெடி கம்போஸர தேர்ந்தெடுத்தா ஒழுங்காயிடும். பிடிஎஃப்ல பழைய ஃபான்ட் இருந்து காப்பி பண்ணா குப்பையா வந்தா, மல்லுக்கட்டாம ஓசிஆர் (படத்துல இருக்கிற எழுத்த படிச்சு டெக்ஸ்டா தர்ற முறை) போட்டுருங்க, டெஸராக்ட்டும் கூகுள் டிரைவும் தமிழ படிக்கும்.

படி 7: பார்க்க ஒண்ணு, உள்ள வேற

திரையில தமிழ் அழகா தெரியும், ஆனா தேடினா கெடைக்காது. இது தான் ரொம்ப நுணுக்கமான சிக்கல்.

"கௌசல்யா"ங்கிற பேர எடுத்துக்கோங்க. சரியா அடிச்சா க-வோட ஔகாரக் குறி ஒண்ணு. ஆனா நெறைய பேர் "கெள"ன்னு, கெ-யும் ள-வும் தனித்தனியா அடிச்சுடறாங்க. கண்ணுக்கு கிட்டத்தட்ட ஒரே மாதிரி, கம்ப்யூட்டருக்கு ரெண்டு வேற பேரு. வாக்காளர் பட்டியல், ரிசல்ட் பட்டியல் மாதிரி இடத்துல பேர் தேடி வரலன்னா இப்படியும் ஒரு தடவ தேடிப் பாருங்க.

ஸ்ரீ இன்னும் மோசம். 2005-ல யூனிகோட் 4.1 வந்தப்ப ஶ எழுத்து புதுசா சேர்ந்துச்சு, அதனால ஸ்-ல ஆரம்பிக்கிற ஸ்ரீ, ஶ்-ல ஆரம்பிக்கிற ஶ்ரீன்னு ரெண்டு வழி ஆயிருச்சு, நெறைய ஃபான்ட்ல ரெண்டும் ஒரே உருவம். ஸ்ரீதர் ஒரு கீபோர்டுல ஒருத்தர், இன்னொரு கீபோர்டுல வேற ஒருத்தர்.

"கொ"-வையும் ரெண்டு விதமா எழுதலாம், ஓகாரத்துக்கும் அப்படியே. க-வோட ஒகரக் குறி ஒண்ணா சேர்த்து, இல்லன்னா க, கொம்பு, கால்னு மூணா. இது ரெண்டும் சமம்னு யூனிகோடே சொல்லுது, என்எஃப்சிங்கிற ஒழுங்குபடுத்துற முறையில போட்டா ஒண்ணாயிடும், பைத்தான்ல யூனிகோட்டேட்டா மாட்யூல்ல ஒரே வரி வேலை. ஆனா அது கௌ-கெள சிக்கலையும் ஸ்ரீ சிக்கலையும் தீர்க்காது, அதுக்கு நீங்களே மாத்து பட்டியல் எழுதணும். பேர் பட்டியல் வச்சு ப்ரோக்ராம் எழுதுற தம்பி தங்கச்சிங்க இத மொத நாளே பண்ணிடுங்க, பின்னாடி லட்சம் பேர் சேர்ந்ததுக்கப்புறம் பண்றது நரகம். தமிழ் எண்களும் இப்படித்தான், ௧ பார்க்க க, ௭ பார்க்க எ, ௮ பார்க்க அ, ஆனா நம்பர் எல்லாம் வேற.

அப்படியே டேட்டாபேஸ் பத்தி ஒரு வரி: மைஎஸ்கியூஎல்ல யூடிஎஃப்8ன்னு பேர் வச்சிருந்தது வெறும் 3 பைட் வரைக்கும் தான், தமிழ் உள்ள போயிடும், இமோஜிக்கு 4 பைட் வேணும், போகாது. 2019-ல யூனிகோட்ல சேர்ந்த முக்காணி, மாகாணி மாதிரி நம்ம பழைய பின்னக் குறிகளும் 4 பைட் தான். யூடிஎஃப்8எம்பி4 போடுங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி

எஸ்எம்எஸ்ல இங்கிலீஷ்னா 160 எழுத்து, ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் 70 ஆயிடும், அதுவும் "தமிழ்"ங்கிறதுக்கே 5 போயிடும். ₹ குறி போட்டாலும் முழு மெசேஜும் 70 கணக்குக்குத் தான் மாறும். கடைக்காரங்க மொத்தமா எஸ்எம்எஸ் அனுப்பும்போது பில் ஏன் ரெட்டிப்பா வருதுன்னு பாத்தா காரணம் அது தான், இங்கிலீஷ் மெசேஜ்ல ₹-க்கு பதிலா ஆர்எஸ்னு எழுத்துலயே போட்டுக்கோங்க.

அச்சகத்துக்கோ வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்களுக்கோ பெரிய ஃபைல் அனுப்புறதுக்கு முன்னாடி, இந்த ஒரு வரிய டைப் பண்ணி அதே வகை ஃபைலா சேவ் பண்ணி அனுப்பி, அங்க எப்படி தெரியுதுன்னு ஒரு ஸ்க்ரீன்ஷாட் வாங்குங்க:

கொ கோ கௌ ணை ஸ்ரீ க்ஷ ஐ ஏ கு ழ் ₹ ½ ° × “ ”

அந்த வரியில ஒரு எழுத்து பிசகினாலும் மேல எந்தப் படியில கோளாறுன்னு தெரிஞ்சுரும். பெரியப்பா புத்தகத்த அச்சுக்கு குடுக்கிறதுக்கு முன்னாடி இந்த வரிய மூணு தடவ அனுப்ப வேண்டியதாயிருச்சு, மொத ரெண்டு தடவையும் கௌ உடைஞ்சு வந்துச்சு, மூணாவது தடவ தான் முழுசா வந்துச்சு.